பெருமாளுக்கு அரை மார்க்

சக்ரபாணி அய்யங்காருக்கு மைசூரில் இரண்டு வேலை. பகலில் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். இலை போட்டால் வீட்டில் பரீட்சை அதிகாரி. முதல் வேலைக்கு சர்க்கார் சம்பளம் கொடுத்தது. இரண்டாவதை அவர் தருமமாகச் செய்தார். யாரும் கேட்காமலே செய்தார் என்பதுதான் அவர் மனைவி ஜயம்மாவின் மனக்குறை.

எதைப் பரிமாறினாலும் முதல் வாயைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். இடது புருவம் மட்டும் தனியாகக் கிளம்பி நெற்றியில் பாதி தூரம் ஏறும். அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு இறங்கும். பிறகு மார்க் வரும்.

"சாத்தமுது ஏழு. மிளகு இன்னும் ரெண்டு விழுந்திருக்கணும். கத்திரிக்காய் ஆறரை. அடுப்புலேர்ந்து இறக்கறச்சே நீ யாரோடயோ பேசிண்டிருந்திருக்கே."

பேசிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அதுதான் எரிச்சல்.

பத்துக்குத்தான் மார்க். ஆனால் பத்து யாருக்கும் கிடையாது. "பத்து பெருமாளுக்கு. மனுஷாளுக்கு ஒன்பதரை வரைக்கும்தான்" என்பது அவர் சித்தாந்தம். பள்ளிக்கூடத்திலும் இதே கதை. கணக்கை எவ்வளவு சரியாகப் போட்டாலும் அரை மார்க் பெருமாள் கணக்கில் போய்விடும். பிள்ளைகள் அவருக்கு 'அரை மார்க் அய்யங்கார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். அந்தப் பெயருக்கு எட்டு மார்க் கொடுத்திருந்தார்.

ஜயம்மா வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் காசுமாலை கேட்டதில்லை. புது வீடு கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, சாகிறதற்குள், அந்த மனிதர் வாயிலிருந்து 'பத்து' என்று ஒரு சொல் வரவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஒன்பதரை ஒரு தடவை வாங்கியிருக்கிறாள், அக்காரவடிசலுக்கு. அன்றைக்கு அந்த அரை மார்க்கை நினைத்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். வெங்காயம் மேல் பழி போட முடியாது, அந்த வீட்டில் வெங்காயம் நுழைவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முப்பத்தைந்தாம் வருஷத்துத் தசரா வந்தது. பொருட்காட்சியில் அந்த வருஷம் புதிதாக ஒரு போட்டி வைத்தார்கள். உள்ளே பெப்பர்மிண்ட் வைத்த சாக்லேட். ஊரில் யார் வேண்டுமானாலும் செய்து அனுப்பலாம். பெயர் கிடையாது, நம்பர்தான். மூன்று நடுவர்கள் தின்று பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவார்கள். முதல் பரிசு ஒரு வெள்ளிப் பதக்கம்.

போட்டிக்குக் காரியதரிசி நஞ்சுண்டசாமி என்பவர். அவர் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் சக்ரபாணிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். புளியோதரையை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இதுல ரெண்டு புளி. ஒண்ணு புதுசு, ஒண்ணு போன வருஷத்தது" என்று சக்ரபாணி சொன்னதும், சமையற்காரன் பின்கட்டிலிருந்து ஓடிவந்து காலில் விழுந்ததும் அவர் கண்ணால் கண்ட காட்சி. அந்த நாக்கை விட்டுவிட்டுப் போட்டி நடத்துவதாவது என்று நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

சக்ரபாணி ஆயுசில் சாக்லேட் சாப்பிட்டதில்லை. அதைச் சொன்னார்.

"நீங்க சாப்பிட்டதில்லைங்கறது ரொம்ப நல்லது, வாத்தியாரே. பக்ஷபாதம் இருக்காது" என்றார் நஞ்சுண்டசாமி.

இந்த நியாயம் சக்ரபாணிக்குப் பிடித்துப்போயிற்று. ஒப்புக்கொண்டு, ஏழு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தார். முட்டை சேர்ந்த பண்டம் போட்டிக்குள்ளேயே வரக்கூடாது. தனக்குத் தனி வாழையிலை. மற்ற நடுவர்கள் கடித்து வைத்த எச்சில் தன் இலைக்கு ஒரு முழத்துக்குள் வரக்கூடாது. தான் எதையும் கடிக்கமாட்டார். முழுசாக, உதட்டில் படாமல், அண்ணாந்து போட்டுக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் பிறகு வாய் கொப்பளிப்பார். கொப்பளிக்கிற தண்ணீர் தன் வீட்டிலிருந்து தன் செம்பில் வரும். ஏழாவது, கிழக்கே பார்த்து உட்காருவார்.

வாசல் கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஜயம்மாவுக்கு உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. பெயர் கிடையாது, நம்பர்தான். செய்தது யார் என்று அவருக்குத் தெரியாது. இந்தக் கை பண்ணியது என்று தெரியாமல் அந்த நாக்கு என்ன சொல்லும்? பத்து சொல்வதானால் அப்போது சொல்லட்டும்.

சாக்லேட் எப்படிப் பண்ணுவது என்று அவளுக்கும் தெரியாது. தேவம்மாவுக்குத் தெரியும். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து பின் தெருவில் குடியிருந்தவள் தேவம்மா. அவள் புருஷன் சித்தையன் வெள்ளைக்காரக் கிளப்பில் சமையல் கட்டில் வேலை. கிளப்பில் எதை எப்படிக் கிளறுகிறார்கள் என்பதெல்லாம் மறுநாளே தேவம்மா வாய்க்கு வந்துவிடும். அவள் கொல்லைப்படியில் உட்கார்ந்து சொல்ல, ஜயம்மா அடுக்களைக்குள் நின்று செய்தாள். மடி மடியாகவே இருந்தது, வித்தை மட்டும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது.

"எங்கூட்டுக்காரரு வாங்கியாந்த கட்டிச் சாக்லேட்ட அப்படியே அடுப்புல வைக்கப்படாதுங்கம்மா. கொதிக்கற தண்ணிமேல ஏனத்த வெச்சு உருக்கோணும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள பட்டுதுன்னா போச்சுங்க, மண்ணாங்கட்டியாட்ட ஆயிப்போகும்" என்றாள் தேவம்மா.

முதல் நாள் ஒரு சொட்டு பட்டது. மண்ணாங்கட்டி ஆயிற்று. இரண்டாம் நாள் படவில்லை. சர்க்கரையை உருட்டுப் பதத்துக்குக் காய்ச்சித் தாம்பாளத்தில் கொட்டி, வெள்ளை வெளேரென்று வரும்வரை கரண்டியால் தேய்க்க வேண்டும். அதில் பெப்பர்மிண்ட் எண்ணெய் மூன்று சொட்டு. எண்ணெய்க்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சக்ரபாணி வாயுத் தொல்லைக்கு வைத்திருந்த சீசா அலமாரியில் இருந்தது. பிசைந்து, அரைநெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ஈர்க்குச்சியில் குத்தி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி, வாழையிலையில் வைத்துவிட்டால் ஒரு நாழிகையில் இறுகும். பளபளப்புக்கு அரைக் கரண்டி நெய் சேர்த்தாள். அது தேவம்மா சொன்னதில்லை, அவளாகச் செய்தது.

"இத்தனூண்டா பண்றீங்க? கிளப்புல ஒவ்வொண்ணும் வெல்லக்கட்டியாட்ட இருக்குமாமுங்க" என்றாள் தேவம்மா.

"அவர் கடிக்கமாட்டார் தேவம்மா. முழுசா உள்ள போடுவார். வெல்லக்கட்டியைப் போட்டா மூச்சு நின்னுடும். எனக்கு மார்க் வேணும், அவரும் வேணும்."

பெருமாளுக்குக் காட்டிவிட்டு அவளும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. மேலே ஒரு வாய் கிணற்றுத் தண்ணீர் குடித்தாள். வாய்க்குள் மார்கழி மாதம் வந்துவிட்டது. பல், ஈறு, நாக்கு எல்லாம் சில்லிட்டு, இழுத்த மூச்சுகூடப் பனியாக இறங்கியது. அடுத்த உருண்டையைப் போட்டால் இனிப்பே தெரியவில்லை, குளிர்தான் தெரிந்தது.

அவளுக்குத் திக்கென்றது. இவர் ஒவ்வொன்றுக்கும் பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கப் போகிறார். நாலு கொப்பளிப்பில் அந்த நாக்கு செத்துவிடும். செத்த நாக்கிடம் மார்க் வாங்கி என்ன செய்ய?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். செம்பில் வெந்நீர் வைத்துவிடுவது. வெந்நீரில் கொப்பளித்தால் குளிரும் ஏறாது, பல்லில் ஒட்டிய சாக்லேட்டும் போய்விடும். அவளுக்கு மட்டுமில்லை, போட்டியில் இருக்கிற எல்லோருக்குமே அது நியாயம். தன் நேர்மையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் திங்கட்கிழமை. மத்தியானம் கடைசி ஈடு பிசைந்துகொண்டிருந்தாள். சீசாவைக் கவிழ்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நிறுத்துகிற நேரம். வாசலில் குரல் கேட்டது.

"ஜயா, காபி."

பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். அவள் கை உதறி நாலாவது சொட்டு விழுந்தது. வேறு சர்க்கரை காய்ச்ச நேரமில்லை. தாம்பாளத்தைக் கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டுக் காபி கலக்கப் போனாள். காபிக்கு ஆறு மார்க் கிடைத்தது. ராத்திரி அவர் தூங்கின பிறகு உருட்டி, சாக்லேட்டில் முக்கி வைத்தாள்.

மறுநாள் காலையில் குளித்து, இறுகியிருந்த உருண்டைகளில் முதலாவதைப் பெருமாள் முன் வைத்துக் கண்டருளப் பண்ணினாள். பெருமாள் சாக்லேட் கண்டருளியதாக எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் அவர் முகத்தில் மறுப்பு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சித்தையனிடம் கொடுத்தனுப்பினாள். ஒன்பதாம் நம்பர் சீட்டு வந்தது. மொத்தமே ஒன்பதுதான். அவளுடையது கடைசி.

பந்தலில் கூட்டம் நெரிந்தது. சாக்லேட்டைப் பார்க்க வந்தவர்கள் பாதி, அரை மார்க் அய்யங்கார் அதைத் தின்பதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. அவருடைய பழைய மாணவர்களே முப்பது பேர் இருந்தார்கள். பெண்களுக்குக் கயிறு கட்டிய இடத்தில் ஜயம்மா தேவம்மாவோடு முன்வரிசையில் நின்றாள். பொருட்காட்சி பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை.

மேடையில் மூன்று நடுவர்கள். ஒருவர் ரிடையரான அமல்தார், நம் பக்கத்துத் தாசில்தார் மாதிரி. ஒருத்தி மிஷன் பள்ளிக்கூடத்துத் துரைசானி, கன்னடம் நன்றாகப் பேசுவாள். மூன்றாவது, சரிகை அங்கவஸ்திரத்தோடு, இலைக்கு முன்னால், கிழக்கே பார்த்து நம்முடைய சக்ரபாணி. பக்கத்தில் அவருடைய பித்தளைச் செம்பு. இன்னும் ஆவி பறந்தது. ஜயம்மாவுக்கு நிம்மதி.

நிம்மதியாக இருந்தது நஞ்சுண்டசாமி பேச எழுந்திருக்கும் வரைக்கும்தான். 'நாலு வார்த்தை' என்று ஆரம்பித்தார். பெப்பர்மிண்ட் செடியின் பிறப்பிலிருந்து தொடங்கினார். அது கப்பலேறி வந்த கதை, வயிற்றுவலிக்கு அது செய்த உபகாரம், தன் சொந்த வயிற்றுவலி, அதைப் பார்த்த டாக்டர்கள் என்று ஒரு மணி நேரம் போயிற்று. பேச்சின் ஆரம்பத்திலேயே சக்ரபாணி செம்பைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்ததில் அவருக்கு வருத்தம். மூடியைத் திறந்து, பூந்தொட்டிக்கு ஊற்றி ஈரமாக இருந்த மணல்மேல் செம்பை வாகாகப் புதைத்து வைத்தார்.

"அதை ஏன் அங்க கொண்டு வைக்கறார்" என்றாள் ஜயம்மா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"உங்கூட்டுக்காரரு தண்ணிய ஆத்தறாருங்" என்றாள் தேவம்மா.

பேச்சு முடிந்தபோது அந்தத் தண்ணீரில் குளிக்கப் பயப்பட வேண்டும்.

முதல் நம்பர் வந்தது. துரைசானி பாதி கடித்து, உள்ளே வெள்ளை எவ்வளவு இருக்கிறது என்று உற்றுப் பார்த்து, மிச்சத்தைத் தட்டில் வைத்தாள். அமல்தாரும் அப்படியே. சக்ரபாணி அந்த மிச்சங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அண்ணாந்து, குறி பார்த்து, உள்ளே விட்டார். சாக்லேட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். புருவம் ஏறியது. இறங்கியது. ஆறு மார்க். மாணவர்கள் கை தட்டினார்கள்.

கொப்பளித்தார். கொப்பளித்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போல ஒரு கணம் அசையாமல் இருந்தார்.

இரண்டாவதைப் போட்டுக்கொண்டதும் கண்ணில் நீர் வந்தது. "இது பண்டமில்லை, தைலம்" என்று சொல்லி மூன்று கொடுத்தார். கொப்பளித்தார். மூன்றாவதற்குக் காது இரண்டும் சிவந்தன. இரண்டு மார்க். அதைச் செய்த பேக்கரிக்காரர் ரத்தினசாமி கூட்டத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலாவதிலிருந்து கதை மாறியது. நாலாவதற்கு அஞ்சு. அஞ்சாவதற்கு ஆறரை. ஆறாவதற்கு ஏழரை. ஏழாவதற்கு எட்டு. எட்டாவதற்கு ஒன்பது. சாக்லேட் நன்றாக ஆகிக்கொண்டு வருகிறது என்று கூட்டம் நினைத்தது. ஜயம்மா புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் குறைவாக ஏறியது. எட்டாவதற்கு ஏறவே முயற்சி பண்ணவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் மார்க் போடுகிற முறை அவளுக்குத் தெரியாதா? பத்தில் ஆரம்பித்து, குற்றம் கண்ட இடத்தில் கழித்துக்கொண்டு வருவார். நாக்கு சாகச் சாகக் குற்றம் தெரியவில்லை. குற்றம் தெரியாததால் மார்க் ஏறிக்கொண்டே போகிறது.

"நீயாவது ஏதாவது பண்ணேன்" என்று தேவம்மாவின் கையைப் பிடித்தாள். தேவம்மா என்ன செய்வாள், பாவம். அவள் பங்குக்கு அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நம்பர். துரைசானி எட்டு கொடுத்தாள். அமல்தார் ஒன்பது. சக்ரபாணி எடுத்தார், அண்ணாந்தார், போட்டார். முகம் கல்லாக இருந்தது. புருவம் தூங்கியது. கன்னத்தை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, காகிதத்தை எடுத்து எழுதினார்.

நஞ்சுண்டசாமி வாங்கிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார். "பத்து" என்றார்.

 பழைய மாணவன் ஒருவன் கையிலிருந்த கடலைப் பொட்டலம் கீழே விழுந்து உருண்டது. இன்னொருவன், இப்போது வக்கீலாக இருப்பவன், "எனக்குக் கணக்கு அத்தனையும் சரியா இருந்துதே சார்" என்று பரிதாபமாகச் சொன்னான். ஒன்பதாம் நம்பருக்கு முதல் பரிசு. பெயர்களைக் கடைசி நாளில் பதக்கம் கொடுக்கும்போது படிப்பார்கள் என்று அறிவித்தார்கள்.

"ஜெயிச்சுப் போட்டீங்க" என்று தேவம்மா குதித்தாள்.

ஜயம்மா வீட்டைப் பார்க்க நடந்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்க நினைத்த சொல்லை ஊரே கேட்டது. சொன்னவர் வாயில் எதுவுமே படவில்லை. அந்த நேரத்தில் ஒரு கூழாங்கல்லைப் போட்டிருந்தாலும் பத்து கொடுத்திருப்பார். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததால் வழியில் கும்பிட வேண்டிய கோயிலைக் கும்பிடாமலே தாண்டிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சக்ரபாணி வந்து சேர்ந்தார்.  கால் அலம்பிக்கொண்டு வந்து நேரே இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சாத்தமுது கொதிக்கக் கொதிக்க வேணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அடுப்பில் இருந்த ரசத்தைக் கரண்டியோடு இலைப் பக்கம் கொண்டுவந்தாள். உப்புப் போட்டோமா என்று அவளுக்கு நினைவில்லை. போட்டாள். பிறகு, போட்டதும் நினைவில்லாமல், இன்னொரு கை போட்டாள். மனசு அங்கே இல்லை. கிண்ணத்தில் விட்டுக் கொடுத்தாள்.

அவர் தூக்கிக் குடித்தார். குடித்தவர் நிமிர்ந்தார். கண்கள் விரிந்தன. இடது புருவம் துடித்து எழுந்து, நெற்றியைத் தாண்டிக் குடுமிக்கே போய்விடும் போல ஏறியது.

"பத்து" என்றார். குரல் தழுதழுத்தது. "ஜயா, பத்து."

ஜயம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தானும் கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டு வாயில் போட்டுப் பார்த்தாள். கடல்.

"உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு. இதுக்கு எப்படிப் பத்து?"

"உப்பு தெரியறதே, அதுக்குத்தான்" என்றார் சக்ரபாணி. பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. மூன்றாவதிலிருந்து நாக்கு மரத்துப் போனது, ஏழாவதில் அது வாயில் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது, ஒன்பதாவதில் ஒன்றுமே தெரியவில்லை, குற்றம் தெரியாத இடத்தில் மார்க்கைக் கழிக்க மனசாட்சி இடம் கொடுக்காததால் பத்து போட்டது. "இனிமே எனக்கு ருசியே தெரியாதுன்னு நினைச்சுண்டு வந்தேன். வழியெல்லாம் நாக்கைக் கடிச்சுக் கடிச்சுப் பார்த்தேன். ருசி தெரியாத நான் எதுக்காகும், சொல்லு."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பயந்து அவள் பார்த்ததில்லை. கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

"அந்தப் பத்து எனக்கு வேண்டாம். இந்தப் பத்தும் வேண்டாம்" என்றாள்.

"அந்தப் பத்து உனக்கு ஏது?"

அவள் உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து, அதிலிருந்த ஒற்றை உருண்டையை அவர் இலையில் வைத்தாள். "ஒன்பதாம் நம்பர். இப்போ நாக்கு உசிரோட இருக்கோன்னோ? சாப்பிட்டுட்டு நெஜத்தைச் சொல்லுங்கோ."

சக்ரபாணி உருண்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அலமாரியில் பாதியாகிவிட்டிருந்த வாயுச் சீசாவைப் பார்த்தார். கணக்கு வாத்தியார்தானே, கூட்டிக்கொண்டார். வெந்நீரில் வாயைக் கொப்பளித்து, அண்ணாந்து, உருண்டையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

புருவம் ஏறியது. நின்றது.  புருவம் இறங்கியது.

"நெய் நம்மாத்து நெய்" என்றார். "எண்ணெய் ஒரு சொட்டு ஜாஸ்தி. மூணு சொட்டுக்கான இடம் இது. நாலாவது விழுந்திருக்கு. எட்டரை."

 துரைசானி கடித்துப் பார்த்தாள், அமல்தார் கடித்துப் பார்த்தார், இரண்டு பேரும் உற்று உற்று உள்ளே பார்த்தார்கள். அவளுக்கும் அந்தச் சீசாவுக்கும் மட்டும் தெரிந்த சொட்டு அது. எங்கேயோ ஒரு மூலையில் அது இருக்கிறது என்று இந்தப் பாழாய்ப்போன நாக்குத்தான் கண்டுபிடித்தது. இத்தனை வருஷமும் இது தன் கையைக் குற்றம் சொல்கிறது என்றே நினைத்திருந்தாள். இவ்வளவு கவனமாகத் தன் கையை வேறு யார் பார்த்திருக்கிறார்கள்? சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. அதற்காக விட்டுவிட முடியுமா?

"நாலாவது சொட்டு எப்படி விழுந்துதுன்னு கேக்கமாட்டேளா?"

"எப்படி?"

"நேத்திக்கு மத்தியானம் ஒத்தர் சொல்லாம கொள்ளாமச் சீக்கிரம் வந்து, வாசல்லேர்ந்து 'ஜயா, காபி'ன்னு கத்தினார். கை உதறித்து."

சக்ரபாணி யோசித்தார். "கத்தினேன்" என்று ஒப்புக்கொண்டார்.

"உங்க தப்புக்கு என் மார்க்கைக் கழிக்கலாமோ?"

"கழிக்கப்படாது. நியாயமில்லை." விரலை மடக்கினார். "ஒரு மார்க்கைச் சேர்த்தா ஒன்பதரை." பழக்க தோஷம், வாய் தானாகவே மேலே சொன்னது: "மீதி அரை பெருமாளுக்கு."

"அவர் பங்கு காலம்பரயே ஆயித்து" என்றாள் ஜயம்மா. "முதல் உருண்டை அவருக்குத்தான். அரை இல்லை, முழுசு. மறுபடியும் இங்க அரையைக் கழிச்சா, கழிச்சதையே ரெண்டு தடவை கழிச்ச கணக்கு. உங்க கிளாஸ்ல ஒரு பையன் இப்படிப் போட்டா விடுவேளோ?"

சக்ரபாணி மடக்கின விரலைப் பார்த்தார். இலை ஓரத்தில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்து அழித்தார். பெருமாள் இருந்த பக்கம் திரும்பி, அங்கிருந்து ஆட்சேபணை ஏதாவது வருமா என்று காத்திருந்தார். வரவில்லை.

"பத்து" என்றார், மெல்ல.

"காதுல விழலை."

"பத்துன்னேன்." அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்போ நான் பந்தல்ல எழுதிக் கொடுத்ததும் சரிதான். திருத்த வேண்டாம். கடைசி நாள் உன் பேரைப் படிக்கறச்சே மட்டும் என்ன பண்றதுன்னு தெரியலை."

"கிழக்கே பார்த்து உட்கார்ந்துக்கோங்கோ" என்றாள் ஜயம்மா. இலையைத் துடைத்துப் போட்டுச் சாதம் வைத்தாள். சாதம் கொஞ்சம் வெளியே விழுந்தது, அவர் அதற்கு மார்க் கழிக்கவில்லை.

சாத்தமுதுப் பாத்திரத்தை அவர் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். நாக்கு முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

"ஆனா அந்தச் சாத்தமுதுக்குச் சொன்னதை மாத்திக்கறேன்" என்றார். "அது மூணுதான்."

"மூணே ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, ஜயம்மா அதில் வெந்நீர் விட்டு விளாவப் போனாள்.